தோரின் தூண்டிலை வரைவது: எந்த நொடி, எந்தக் கோணம், எந்த ஊடகம்?

நார்ஸ் புராணத்திலிருந்து, அதாவது பழைய வட ஐரோப்பியர்களின் தெய்வக் கதைகளிலிருந்து, ஒரு காட்சியை வரையச் சொன்னால் பலரும் நேராக ரக்னரோக் என்ற உலக அழிவுப் போருக்குப் போய்விடுவார்கள். சூரியனை விழுங்கும் ஓநாய், தீப்பிடித்த உலகம், உடைந்து விழும் பாலம், மடியும் தெய்வங்கள் என்று எல்லாமே அதில் இருக்கிறது. எல்லாமே இருப்பதுதான் சிக்கல். ஒரே தாளில் அடைத்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாது. ஒற்றைப் படத்துக்கு என் சிபாரிசு, இடித்தெய்வமான தோர் கடலுக்கு மீன் பிடிக்கப் போன கதை. ஒரு படகு, இரண்டு பேர், ஒரு கயிறு, ஒரு பாம்பு. சாமான் இவ்வளவுதான். ஆனால் இந்த நான்கையும் எப்படி அடுக்குவது என்பதற்கு ஆயிரம் வருடங்களாகக் கல்லிலும் துணியிலும் தாளிலும் வெவ்வேறு பதில்கள் வந்திருக்கின்றன. வரைய உட்காருபவர் அவற்றில் எதன் பின்னால் போகலாம் என்று பார்ப்போம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ்லாந்தில் 1220 வாக்கில் ஸ்னோரி ஸ்துர்லுசன் தொகுத்த உரைநடை எட்டா என்ற புராணக் கதைநூலில் இது விரிவாக வருகிறது. தோர் ஒரு பொடியன் உருவத்தில் ஹிமிர் என்ற அரக்கன் வீட்டில் ராத்தங்குகிறான். விடிந்ததும் ஹிமிர் மீன்பிடிக்கக் கிளம்ப, தானும் வருவதாகச் சொல்கிறான். இவ்வளவு சின்னவன் என்ன உதவிக்கு ஆவான், நான் போகும் தூரத்துக்கு வந்தால் விறைத்துப் போவான் என்று ஹிமிர் இளக்காரம் பேசுகிறான். இரைக்கு என்ன செய்வது என்று கேட்டால் நீயே தேடிக்கொள் என்று பதில். தோர் நேராக மாட்டு மந்தைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய காளையின் தலையைத் திருகிப் பிய்த்து எடுத்துக்கொண்டு படகில் ஏறுகிறான். வழக்கமான இடத்தையும் தாண்டி, வேண்டாம் என்று ஹிமிர் கெஞ்சக் கெஞ்ச, வெகுதூரம் துடுப்பு வலிக்கிறான். காளைத்தலையைத் தூண்டிலில் மாட்டிக் கடலில் இறக்குகிறான். உலகத்தையே சுற்றித் தன் வாலைத் தானே கவ்விக் கிடக்கும் மித்கார்ட் பாம்பு, யொர்முங்கந்தர், அதைக் கவ்வுகிறது. பாம்பு வெட்டி இழுத்த இழுப்பில் தோரின் கைமுஷ்டிகள் படகு விளிம்பில் மோதுகின்றன. அவன் ஆத்திரத்தில் காலை ஊன்ற, இரண்டு காலும் படகின் அடிப்பலகையைத் துளைத்துக்கொண்டு போய்க் கடல்தரையில் நிற்கின்றன. பாம்பின் தலையை விளிம்பு வரை இழுத்துவிடுகிறான். சுத்தியலை ஓங்கும் நேரத்தில், வெளிறிப்போன ஹிமிர் கத்தியைத் தடவி எடுத்துக் கயிற்றை அறுத்துவிடுகிறான். பாம்பு மூழ்கிவிடுகிறது.

இதில் எந்த நொடியை எடுப்பது? இதைத் தீர்மானித்துவிட்டால் மற்றதில் பாதி தானாக முடிவாகிவிடும்.

காளைத்தலையைப் பிய்க்கும் இடம் வேடிக்கையானது. சின்னப் பையன், பெரிய மாடு, வாசலில் வாய்பிளந்து நிற்கும் அரக்கன். சிறுவர் புத்தகத்துக்குப் பொருந்தும், கொஞ்சம் ரத்தத்தை மறைத்துக்கொண்டால். ஆனால் படத்தில் பாம்பே இல்லை. கதையின் கடைசியில் ஆத்திரம் அடங்காத தோர் ஹிமிரின் காதோடு சேர்த்து ஒரு குத்து விட, அவன் உள்ளங்கால் தெரியக் கடலில் கவிழ்வதாக ஸ்னோரி எழுதுகிறார். அது காமிக்ஸின் கடைசிக் கட்டத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. தனிப்படமாக வைத்தால் முன்கதை தெரியாதவருக்கு இரண்டு பேர் சண்டை, அவ்வளவுதான்.

மீதி இருப்பவை மூன்று: கால் படகைத் துளைக்கும் நொடி, தோரும் பாம்பும் கண்ணோடு கண் பார்க்கும் நொடி, கத்தி கயிற்றைத் தொடும் நொடி. இவற்றில் ஸ்னோரி எங்கே நிறுத்தி மூச்சு வாங்குகிறார் என்று கவனித்தால் நடுவில் உள்ளதில்தான். தோர் பாம்பின் மேல் விழியைப் பாய்ச்சியதையும், கீழிருந்து பாம்பு விஷம் கக்கிக்கொண்டே முறைத்ததையும் பார்க்காதவன் கோரமான காட்சி எதையுமே பார்த்ததில்லை என்கிற அர்த்தத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார். இது அவருடைய சொந்தக் கற்பனையும் இல்லை. அவருக்கு இருநூறு வருடத்துக்கு மேல் முன்னால், 10ஆம் நூற்றாண்டின் கடைசியில், உல்ஃப் உக்கசன் என்ற ஐஸ்லாந்துக் கவிஞர் இதே பார்வையைப் பாடியிருக்கிறார். நெற்றியின் நிலா ஒளிர்ந்து பாம்பின் மேல் பயங்கரக் கதிர்களை எறிந்தது என்று கண்ணை வர்ணிக்கிறார். அவர் பாடியது எதை என்பது படம் வரைகிறவர்களுக்கு இன்னும் முக்கியம். மயில் ஓலாஃப் என்று பெயர் பெற்ற செல்வந்தரின் மாளிகையில் மரத்தில் செதுக்கியிருந்த சித்திரங்களைப் பார்த்துத்தான் அந்தப் பாட்டு. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, பிராகி என்ற நார்வேக் கவிஞர் ஒரு கேடயத்தில் தீட்டியிருந்த இதே காட்சியைப் பாடியிருக்கிறார். மாளிகையும் போச்சு, கேடயமும் போச்சு, பாட்டு மட்டும் மிச்சம். ஆக, இந்தக் கதையை வரைகிறவர் எழுத்துக்குப் படம் போடுகிறோம் என்று கூச்சப்பட வேண்டியதே இல்லை. எழுத்தே படத்தைப் பார்த்து வந்ததுதான்.

சரி, முறைக்கும் நொடிதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் உண்மையான சங்கடம் ஆரம்பிக்கிறது. கண் என்பது சின்ன விஷயம், கிட்டத்தில் போனால்தான் தெரியும். கடல்தரையில் ஊன்றிய காலும் உலகத்தைச் சுற்றிய உடலும் பெரிய விஷயம், தள்ளி நின்றால்தான் அடங்கும். இரண்டையும் ஒரே படத்தில் முழுசாகக் கொண்டுவர முடியாது. எதை விட்டுக்கொடுப்பது?

கிட்டப் போனவர்களில் பெரிய பெயர் ஹென்றி ஃபியூஸ்லி. சூரிச்சில் பிறந்து லண்டனில் வாழ்ந்த இவர் 1790இல் அங்குள்ள ராயல் அகாடமி என்ற கலைக்கழகத்தின் உறுப்பினரானபோது கொடுத்த ஓவியம் இந்தக் காட்சிதான். இன்றும் அது அகாடமியின் சேகரிப்பில் இருக்கிறது. நெட்டுவாக்கான தைலவண்ணப் படம். நம் கண் தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்க்க, ஆடையில்லாத, தசை முறுக்கிய தோர் இருட்டு வானத்துக்கு எதிரே நிமிர்ந்து நிற்கிறான். ஒரு கையில் பாம்பு மாட்டிய தூண்டில், மற்றது ஓங்கியிருக்கிறது. படகின் ஓரத்தில் ஹிமிர் பதுங்கிக் கிடக்கிறான். மேலே மூலையில் ஒரு கிழவர் மங்கலாக எட்டிப் பார்க்கிறார், தோரின் தந்தை ஓடின் என்பார்கள். உடம்பின் விசை அபாரம். அந்தத் தோளையும் கையையும் பார்த்தாலே இழுப்பின் இறுக்கம் நம் கைக்கு வரும். ஆனால் இதைப் பார்க்கிறவருக்கு யார் ஜெயிக்கப் போகிறார் என்பதில் சந்தேகமே வராது. பாம்பு கீழ்மூலையில் அடக்கமாக இருக்கிறது, கடலின் ஆழம் என்று ஒன்றும் இல்லை. கதையிலோ தோர் ஜெயிப்பதில்லை. பாம்பு தப்பிக்கிறது, ரக்னரோக்கில் திரும்ப வரும், அன்று தோர் அதைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து அதன் விஷத்தில் விழுவான். நமக்குக் காளிங்க நர்த்தனம் பார்த்துப் பழகிய கண் வேறு. தெய்வம் மேலே, பாம்பு கீழே என்றால் கதை முடிந்தது என்று மனசு முடிவு கட்டிவிடும். அதனால் ஃபியூஸ்லி கோணம் தமிழ் வாசகருக்கு இன்னும் அதிகமாகத் தப்பான சேதியைச் சொல்லும்.

தள்ளிப் போனவர்கள் கல்தச்சர்கள். ஸ்வீடனில் உப்லாண்ட் பகுதியிலுள்ள ஆல்துனா ரூன் கல் (ரூன் என்பது அந்நாளைய வட ஐரோப்பிய எழுத்து), 11ஆம் நூற்றாண்டு. அதன் ஒரு பக்கத்தில் கடலைக் கத்தியால் நெடுக்காக வெட்டிக் காட்டியது போல் எல்லாம் ஒரே தளத்தில் இருக்கிறது. மேலே படகு, அதில் சுத்தியலோடு தோர், கீழே இறங்கும் கயிறு, நுனியில் இரை, அதைச் சுற்றி வளையும் பாம்பு. எல்லாவற்றையும்விடப் படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாதம். பார்த்ததும் சிரிப்பு வரும், அடுத்த நொடியே சரிதான் என்று தோன்றும். கோட்டோவியம் மாதிரி வெட்டிய அந்தக் கல்லில் முகபாவம் எதுவும் இல்லை. ஆனால் பாரம் எங்கே இறங்குகிறது, இழுப்பு எங்கிருந்து வருகிறது என்பது மொத்தமும் இருக்கிறது. டென்மார்க்கின் ஹோர்டும் கல்லிலும் இதே கால் உண்டு. ஹிமிரைப் பற்றிய பழைய எட்டாப் பாட்டில் கால் துளைக்கும் சம்பவம் கிடையாது, ஸ்னோரியில்தான் எழுத்தாக வருகிறது. அப்படியிருக்க ஆல்துனாத் தச்சர் அதை ஸ்னோரிக்கு நூறு, நூற்றைம்பது வருடம் முன்பே வெட்டிவிட்டார்.

இந்தக் கால் விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு வரைகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எழுத்தில் "கால் கடல்தரையில் ஊன்றியது" என்று ஒரு வாக்கியத்தில் போய்விடலாம். தாளில், கடல் எத்தனை ஆழம் என்ற கேள்விக்கு அளவோடு பதில் சொல்லியாக வேண்டும். காலை அவ்வளவு தூரம் நீட்டினால் தோர் கொக்கு மாதிரி ஆகிவிடுவான். ஆழத்தைக் குறைத்தால் உலகத்தைச் சுற்றும் பாம்புக்குக் குளத்தில் குளிக்கும் கோலம் வந்துவிடும். ஆல்துனாத் தச்சர் செய்த தந்திரம், தரையையே காட்டாமல் விட்டது. பாதம் படகுக்குக் கீழே வந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மிச்ச ஆழத்தைப் பார்ப்பவர் போட்டுக்கொள்வார். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழி இன்றுவரை வரவில்லை. உடைந்த பலகைச் சில்லுகளும் குமிழிகளும் பாதத்தைச் சுற்றி மேலேறுவதாகப் போட்டால் போதும்.

மூன்றாவது வழி ஐஸ்லாந்தின் தாள் சுவடிகளில் இருக்கிறது. 1680ஐ ஒட்டி உருவான ஒரு குறுகலான, நீண்ட சுவடியில் பாம்பும் அது கவ்வ வரும் காளைத்தலையும்தான் பிரதானம். வீரமும் தசையும் வேண்டாம், இரைதான் கதை என்று முடிவு செய்த படம். அறிமுகப் பக்கத்துக்கோ அத்தியாயத் தலைப்புச் சித்திரத்துக்கோ இது அருமையான யோசனை. முழுக்காட்சிக்குப் பற்றாது.

என் தீர்ப்பு ஆல்துனாவின் பக்கம், ஒரு திருத்தத்தோடு. நெட்டுவாக்கான தாள், மேல் மூன்றில் ஒரு பங்கில் படகு, கீழே முழுக்கக் கடலின் வெட்டுத்தோற்றம். பாம்பின் உடல் அடியிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, தலை மட்டும் படகு விளிம்பைத் தாண்டி மேலே வந்திருக்க வேண்டும். தோரின் முகம் விளிம்பை நோக்கிக் குனிந்திருக்க வேண்டும். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. படத்தில் வேறெங்கும் வெள்ளையை இறைக்காமல் அந்த இடைவெளியில் மட்டும் வைத்தால் கண் அங்கேதான் போகும். இந்த நெருக்கத்துக்கு ஆயுதமும் ஒத்துழைக்கிறது. மியொல்னிர் சுத்தியலுக்குப் பிடி குட்டை. அது செய்யப்பட்டபோது லோகி என்ற குறும்புக்காரத் தெய்வம் ஈயாக மாறி, துருத்தி ஊதிய குள்ளனைக் கடித்ததால் வந்த குறை. வைக்கிங் காலப் பதக்கங்களிலும் அது கவிழ்ந்த டி வடிவத்தில் குட்டையாகவே இருக்கிறது. குட்டைப்பிடிச் சுத்தியலால் அடிக்க வேண்டுமானால் பாம்பின் மூச்சுக்காற்று படும் தூரத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். நீளக் கம்பில் சுத்தியலைச் சொருகி வரைகிறவர்கள் இந்த ஆபத்தை இழந்துவிடுகிறார்கள்.

ஹிமிர் வேண்டுமா, வேண்டாமா? ஆல்துனாவில் அவன் இல்லை, தோர் தனியாள். இங்கிலாந்தில் கம்ப்ரியாவின் காஸ்ஃபோர்த் தேவாலயச் சுவரில் பதித்திருக்கும் 10ஆம் நூற்றாண்டுக் கல்லில் படகில் இரண்டு பேர். தனியாள் என்றால் படம் சுத்தமாக இருக்கும், இழுப்பின் கோடு தெளிவாகத் தெரியும். ஆனாலும் நான் அவனை வைப்பேன். அவன் கை கத்தியைத் தேடுகிறது என்று காட்டினால்தான் இந்த முறைப்பு எத்தனை நொடி நீடிக்கும் என்பது படத்துக்குள் வரும். உட்காரும் இடத்தை ஸ்னோரியே சொல்லிவிட்டார்: தோர் பின்பக்கம், ஹிமிர் முன்பக்கம், ஆளுக்கு இரண்டு துடுப்பு. நார்வேயின் கோக்ஸ்டாட் புதைமேட்டில் 1880இல் பெரிய கப்பலோடு சேர்ந்து கிடைத்த சிறு படகுகளில் மிகச் சிறியது இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. இரண்டு ஜோடித் துடுப்பு, சுமார் ஆறரை மீட்டர் நீளம், ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறிய அகலப் பலகைகள் பக்கத்துக்கு மூன்றுதான். பாய்மரமும் டிராகன் தலையும் வைத்த போர்க்கப்பலை இங்கே கொண்டுவந்து நிறுத்துவது அபத்தம். இரண்டு பேர் காலையில் மீன்பிடிக்கப் போகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது பாம்பு. நிஜப்பாம்பாகச் செதில் செதிலாக வரையலாம், அல்லது உர்னெஸ் பாணியில் போகலாம். நார்வேயில் உர்னெஸ் மரத்தேவாலயத்தின் பழைய வாசல் செதுக்கல்களிலிருந்து பெயர் பெற்ற பாணி அது. மெலிந்து தடித்து மெலியும் கோடு, எட்டு வடிவச் சுருக்குகள், ஒன்றையொன்று கவ்வும் உடல்கள். நிஜப்பாம்பின் தொல்லை என்னவென்றால், எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் அதற்கு ஓர் அளவு வந்துவிடும்; எங்கோ முடியப் போகிறது என்று தெரியும். உர்னெஸ் சுருக்கு தாளின் ஓரத்துக்கு ஓடி, சட்டகமாகவே மாறி, மறுபக்கம் திரும்பி வரலாம். உலகத்தைச் சுற்றியது என்று சொல்லாமலே சொல்லிவிடும். எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே இல்லை. ஒரு எச்சரிக்கை நம்மூர்க் கைகளுக்கு: பென்சிலை எடுத்தால் பாம்புக்குத் தானாகவே படம் விரிந்துவிடும். வடக்கில் நல்லபாம்பு கிடையாது, அங்கே விஷப்பாம்பு என்றால் விரியன்தான். படமெடுத்த தலை வந்தால் அது ஆதிசேஷன் ஆகிவிடும்.

ஊடகத்தைப் பற்றி. வாட்டர்கலரில் அந்தக் கடலின் சாம்பல் வெளிச்சம் நன்றாக வரும், ஈரம் தன்னால் கிடைக்கும். ஆனால் வெட்டுத்தோற்றமும் உர்னெஸ் கோடும் கறாரான விளிம்பு கேட்பவை. கழுவிப் பரவும் வண்ணத்தோடு அவை சண்டை போடும். டிஜிட்டலில் ஹிமிரை ஒரு லேயரில் வைத்துக்கொண்டு இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படி என்று பார்க்கலாம். கிரிட்டா போன்ற இலவச மென்பொருளே போதும். அடுக்கி யோசிக்கும் கட்டத்துக்கு அதைவிட வசதி இல்லை. முடிவான படத்துக்கு நான் லினோகட் (லினோலியத் தகட்டைச் செதுக்கி மைதடவி அச்செடுப்பது) பக்கம் சாய்கிறேன், காரணம் அந்தக் கயிறு.

லினோவில் உளி போன இடம் வெள்ளையாகவும், விட்ட இடம் கறுப்பாகவும் அச்சாகும். இருண்ட கடலில் வெள்ளைக் கயிறு வேண்டுமானால் வி வடிவ உளியால் ஒரே இழுப்பு, முடிந்தது. தண்ணீருக்கு மேலே வானம் வெளிறிக் கிடக்கும். அங்கே அதே கயிறு கறுப்பாகத் தெரிய வேண்டும், அதற்கு இரண்டு பக்கமும் செதுக்கி நடுவில் மெல்லிய வரப்பை விட்டுவைக்க வேண்டும். அந்த வரப்பு ரொம்ப மெலிந்தால் அச்சழுத்தத்தில் பிய்ந்துவிடும், தடித்தால் கயிறு வடமாகிவிடும். நீர்மட்டத்தில் வெள்ளை கறுப்பாக மாறும் அந்த ஓர் இடத்தைச் சரியாக வெட்டிவிட்டால், மேலே வேறொரு உலகம், கீழே வேறொரு உலகம் என்பதை அது ஒன்றே காட்டிவிடும். இன்னொன்று, அச்சில் எல்லாம் இடவலமாகத் திரும்பும். வரைந்ததை அப்படியே கட்டைக்கு மாற்றினால் சுத்தியல் இடதுகைக்குப் போய்விடும். ஓரத்தில் ரூன் எழுத்து வெட்டினால் அதையும் கண்ணாடிப் பிம்பமாகத்தான் வெட்ட வேண்டும்.

ரூன் என்றதும் சொல்ல வேண்டியது: வைக்கிங் காலத்துக்கு 16 எழுத்து வரிசைதான் பொருத்தம், கடைகளில் கிடைக்கும் 24 எழுத்து வரிசை அதற்கு முந்தியது. அழகுக்காக ஏதோ ஒரு எழுத்தைத் தனியாகப் பெரிதாகப் போடவே கூடாது. ஒதல, சோவிலோ போன்ற சிலவற்றை நாஜிகள் தங்கள் சின்னங்களில் எடுத்துக்கொண்டார்கள், இன்றும் ஐரோப்பாவில் அந்தக் கும்பல்கள் அவற்றைக் கொடியில் போடுகின்றன. தெரியாமல் போட்டேன் என்று பிறகு விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

உடை விஷயத்தில் தேர்வு என்று பெரிதாக எதுவும் இல்லை. கொம்பு வைத்த தலைக்கவசம் வேண்டாம். அதைப் பரப்பியது 1876இல் ஜெர்மனியின் பைராய்ட்டில் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்குக் கார்ல் எமில் டோப்ளர் வடிவமைத்த உடைகள். மீன்பிடிக்கப் போகிறவனுக்குக் கவசமே எதற்கு? கம்பளி அங்கி, சிவந்த தாடி, நனைந்த கை. பொன்முடியும் மழித்த முகமும் 1960களின் அமெரிக்கக் காமிக்ஸில் வந்தவை. பழைய கதைகளில் தோர் சிவப்புத் தாடிக்காரன். இரண்டாவது வண்ணத்துக்குக் காசு இருந்தால் அந்தத் தாடிக்கும் காளைத்தலையின் அறுந்த கழுத்துக்கும் மட்டும் சிவப்பு கொடுக்கலாம்.

சிறுவர் புத்தகத்துக்கு என்றால் மேலே சொன்னது பொருந்தாது. அங்கே காளைத்தலையை எடுங்கள், அதற்கு வாட்டர்கலர்தான். தொடர்கட்டங்களாக வரைகிறீர்கள் என்றால் நொடியைத் தேர்ந்தெடுக்கும் பாடே இல்லை. ஃபியூஸ்லி கோணத்துக்கு ஒரு கட்டம், வெட்டுத்தோற்றத்துக்கு ஒரு முழுப்பக்கம் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சுவரில் மாட்டும் ஒற்றை அச்சு என்றால் ஏ3 தாளை நெட்டுவாக்கில் திருப்பி, முதலில் நீர்மட்டக் கோட்டைப் போட்டு, அதைக் குறுக்கே வெட்டும் கயிற்றைப் போடுங்கள். படகும் ஆட்களும் அதற்கு அப்புறம்.